ஒயில் கறுக்காத கார்

எனக்குக் கார் ஓட்டத் தெரியும். காரைத் தெரியாது. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஏதும் இல்லை. பொனற்றைத் திறந்தால் உள்ளே இருப்பவற்றில் எனக்கு அடையாளம் தெரிவது பற்றறி ஒன்றுதான். (அதையும் ஒருமுறை வேறு ஏதோ பெட்டி என்று நினைத்து, வேறு ஏதோ பெட்டிக்குத் தண்ணீர் விடப் போன கதை இங்கே வேண்டாம்.)

இப்படிப்பட்டவன் கார் வாங்கினால் முதலில் வருகிற தலையிடி, அதைப் பழுது பார்க்க யாரிடம் விடுவது என்பது. கார்க் கொம்பனியிலா, பக்கத்துக் கராஜிலா? கொம்பனியில் விட்டால் கார் விற்கும்போது நல்ல பெயர் இருக்கும், செலவு கூட. கராஜில் விட்டால் செலவு குறைவு, ஆளைத் தெரியும், அவசரமென்றால் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். மற்றவர்கள் இதைக் கணக்குப் போட்டு முடிவு செய்கிறார்கள். எனக்கு அந்த வசதி இருக்கவில்லை. ஏனென்றால் அந்தக் கராஜ் என் மாமனாருடையது.

என் சொந்த ஊர் வடமராட்சி. அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலை. தீவுப்பகுதிக்கு மாற்றலாகி வந்து, சுகந்தியைக் கலியாணம் செய்து, சுருவிலில் அவளுடைய சீதன வீட்டிலேயே குடியேறிவிட்டேன். எங்கள் பக்கத்துச் சொந்தக்காரர்கள் சிலர், "அங்கை தோணியிலையோ போய் வாறது?" என்று இன்றைக்கும் கேட்பார்கள். பாலம் போட்ட செய்தி அவர்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

மாமாவும் மாமியும் அதே வளவில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்தார்கள். மாமாவின் கராஜ், ஊருக்கு 'மணியண்ணையின்ர கராஜ்', அல்லைப்பிட்டியில், றோட்டோரம். ஒரு தகரக் கொட்டகை, ஒரு பூவரச மரம், அதன் கீழே எப்போதும் குடல் வெளியே தெரியக் கிடக்கும் ஓர் உழவு ரக்ரர். நிறுத்தி வைத்த வாகனங்களின் கீழே ஆடுகள் படுத்திருக்கும். மரத்தடி வாங்குப் பலகையில் சின்னராசா அண்ணை படுத்திருப்பார். இவர் தனியார் பஸ்ஸில் கொண்டக்ரராக இருந்து ஓய்ந்தவர். கராஜில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. அங்கே வேலை நடக்கிறதா என்று பார்ப்பதற்காகத் தினமும் வருவார்.

மாமாவுக்கும் எனக்கும் நடுவே ஒரு வழக்கம் இருந்தது. நாங்கள் நேரே பேசிக்கொள்வதில்லை. கோபம் ஒன்றுமில்லை, மரியாதை. அவர் பழைய காலத்து மனிதர். மருமகனோடு சரிக்குச் சரி நின்று கதைப்பது அவர் கணக்கில் முறையில்லை. ஒரே மேசையில் எனக்கு எதிரே இருந்துகொண்டு, "பிள்ளை, மருமகனுக்கு மீன் காணுமோ, இன்னும் வேணுமோ எண்டு கேள்" என்பார். சுகந்தி என்னைப் பார்ப்பாள். நான், "காணும் எண்டு மாமாவிட்டைச் சொல்லும்" என்பேன். சுகந்தி அப்பாவைப் பார்ப்பாள். அவர் தலையை ஆட்டுவார். மாமி இன்னும் ஒரு படி மேலே. அவர் நான் இருக்கும் அறைக்குள்ளேயே வரமாட்டார். குசினி வாசலில் ஒரு கையும் ஒரு கறிச்சட்டியும் மட்டும் தெரியும். கலியாணமாகி இரண்டு வருடத்துக்கு மேலாகியும் மாமியின் முழு முகத்தை நான் கலியாண அல்பத்தில்தான் பார்த்திருந்தேன் என்றால் நம்புங்கள். (கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். கொஞ்சம்தான்.)

கார் வந்த அன்று மாமா அதை இரண்டு முறை சுற்றி வந்தார். பாவித்த கார்தான். சின்னது, வெள்ளி நிறம். தோளில் கிடந்த துவாயை எடுத்துப் பக்கக் கண்ணாடியைத் துடைத்தார். குனிந்து ரயரைப் பார்த்தார். இன்னும் குனிந்து கீழே எட்டிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "பிள்ளை, நல்ல கார் எண்டு சொல்லு" என்று சுகந்தியிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. இதில்தான் எல்லாம் தொடங்கியது.

நான் ஏன் கொடுக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். கராஜ்களில் ஆட்கள் எப்படி வேலை செய்வார்கள் என்பது எனக்குத் தெரியும். நிலத்தில் ஒரு சாக்கை விரித்து, மல்லாக்கப் படுத்து, தேய்த்துத் தேய்த்து வாகனத்தின் கீழே போவார்கள். வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரியும். மீன் லொறிக்காரருக்காக மாமா அப்படிக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் என் காருக்குக் கீழே? எனக்குத் தாரை வார்த்துப் பெண் கொடுத்த மனிதர் புழுதிக்குள் கிடக்க, நான் மேலே கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பதா? நினைக்கவே உடம்பு கூசியது. மாமாவின் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை. அந்த மரியாதையை நான் யாரிடமும் வாய் திறந்து சொல்லவில்லை என்பதுதான் அதில் இருந்த ஒரே குறை.

ஆகவே கொம்பனிக்குப் போனேன். யாழ்ப்பாணத்தில் கண்ணாடிக் கட்டடம். உள்ளே குளிர். வாசலில் ஒரு தம்பி ஓடி வந்து, "வாங்கோ சேர்" என்று கார்த் திறப்பை இரண்டு கையாலும் வாங்குவார். மெத்தை போட்ட கதிரை, ரீவி, அழுத்தினால் கோப்பி தருகிற இயந்திரம் எல்லாம் உண்டு. ஒரு பெரிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் காரை உயரத் தூக்கி வைத்து, சீருடை போட்ட பிள்ளைகள் நின்றபடியே வேலை செய்வார்கள். யாரும் யாருக்குக் கீழேயும் படுக்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு ஒரு தாளைக் கொண்டு வந்து காரில் இருக்கும் வருத்தங்களை ஒவ்வொன்றாக விளக்குவார்கள். ஒன்றும் விளங்காமல் எல்லாவற்றுக்கும் ஓம் என்பேன். மருந்து வாங்க வருகிறவர்கள் ஏன் என்னிடம் எல்லாவற்றுக்கும் ஓம் என்கிறார்கள் என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது.

கொம்பனி நல்ல இடம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை எங்கள் றோட்டில் இருந்தது. தீவுக்குள் எந்தப் பக்கத்தால் சுற்றி வந்தாலும் யாழ்ப்பாணம் போக வேண்டுமென்றால் அல்லைப்பிட்டியைத் தாண்டித்தான் பாலம் ஏற வேண்டும். ஒவ்வொரு முறையும் மாமாவின் கராஜுக்கு முன்னாலேயே காரைக் கொண்டுபோனேன். போகும்போது புழுதியோடு போவேன், வரும்போது பளபளவென்று வருவேன். மாமா ஸ்பனரும் கையுமாக நிமிர்ந்து கையைத் தூக்குவார். நானும் ஹோர்ன் அடித்துச் சிரிப்பேன். யாழ்ப்பாணத்தில் கூட்டம் என்று வீட்டில் சொல்லியிருப்பேன். ஓர் ஆஸ்பத்திரி மருந்தாளருக்கு இவ்வளவு கூட்டம் ஏன், கூட்டம் முடிந்ததும் கார் ஏன் கழுவித் துடைத்து வருகிறது என்று யாரும் கேட்காததை என்னுடைய கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் சுகந்தி உடுப்பு மடித்துக்கொண்டிருந்தவள், மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"உங்களுக்கு அப்பாவின்ர வேலை பிடிக்கேல்லையோ?"

"ஆர் சொன்னது?"

"ஊரே சொல்லுது. மணியண்ணையின்ர மருமகன்ர கார் கண்ணாடி வீட்டுக்குப் போகுதாம் எண்டு சின்னராசா அண்ணை வாற போற ஆக்களுக்கெல்லாம் சொல்லுறாராம். அப்பா ஒண்டும் கதைக்கேல்லை. நேற்று அம்மாவிட்டைக் கேட்டவராம், 'என்ர கை நடுங்குதெண்டு மருமகன் நினைக்கிறாரோ? சொந்த மருமகனே நம்பாத கராஜை ஏன் திறந்து வச்சிருக்கவேணும், பூட்டுவம்' எண்டு."

மாமாவிடம் அந்தக் கராஜைத் தவிர வேறு ஒன்றுமில்லை. கோயில் திருவிழாவுக்குக்கூடக் கராஜைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வருவார். அதை நான் பூட்ட வைக்கிறேனா?

அந்த நேரம் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். பின்வளவுக்கு நடந்து போய், "மாமா, நீங்கள் எனக்காக நிலத்திலை படுக்கிறது எனக்கு ஏலாது, அதுதான் தரேல்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு நிமிட வேலை. ஆனால் நேரே பேசும் வழக்கம் இல்லையே! சுகந்தியிடம் சொல்லி அனுப்பலாமென்றால், அவள் அப்போது என்னோடும் பேசும் வழக்கத்தை நிறுத்தியிருந்தாள். ஆகவே நான் யோசித்தேன். நான் யோசித்தால் எங்கள் வீட்டில் ஏதாவது உடையும். இருந்தும் யோசித்தேன்.

திட்டம் இதுதான். காரை முதலில் கொம்பனிக்குக் கொண்டுபோய் எல்லா வேலையையும் முடித்துவிடுவது. அடுத்த நாள் அதையே மாமாவிடம் கொடுப்பது. எல்லாம் ஒழுங்காக இருக்கிற காரில் அவர் என்ன செய்யப் போகிறார்? பொனற்றைத் திறப்பார், இரண்டு இடத்தில் தட்டுவார், துவாயால் துடைப்பார், மூடுவார். கீழே படுக்க வேண்டிய தேவையே வராது. அவருக்கும் மனம் குளிரும், எனக்கும் உடம்பு கூசாது, சின்னராசா அண்ணையின் வாயும் அடையும். இப்படி ஒரு மூளை எனக்கு வாய்த்ததே என்று அன்றிரவு எனக்கே பெருமையாக இருந்தது.

கொம்பனியில் எல்லாம் முடிந்தது. ஒயில், பில்ற்றர், பிறேக் எதையும் விடவில்லை. திரும்பி வரும் வழியில்தான் முன் கண்ணாடியின் மூலையில் அவர்கள் ஒட்டிய துண்டு கண்ணில் பட்டது. அடுத்த சேர்விஸ் எப்போது என்று கொம்பனிப் பெயரோடு பெரிதாக எழுதியிருந்தது. பண்ணைப் பாலத்தில் காரை ஓரம் கட்டி நகத்தால் சுரண்டினேன். பிறகு சீப்பால் சுரண்டினேன். கடலுக்குள் வலை வைத்துக்கொண்டிருந்த ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, "என்ன தம்பி, பழுதோ? மணியண்ணையின்ர கராஜ் கிட்டத்தானே!" என்று கத்தினார்.

அன்று பின்னேரமே சுகந்தியிடம் சொன்னேன். "நாளைக்கு லீவு போட்டிட்டன். கார் அப்பாவின்ர கராஜுக்கு வருது எண்டு சொல்லும்."

அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் எனக்கு உள்ளே ஏதோ குத்தியது. பின்வளவுக்கு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, "ஒயில் மாத்திக் கன நாளோ எண்டு அப்பா கேக்கிறார்" என்றாள்.

"கன நாள்" என்றேன். (இரண்டரை மணித்தியாலம் இருக்கும்.)

மறுநாள் கராஜ் வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்காமலே பார்த்தேன். முன்பக்கம் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. ரக்ரரைக் காணவில்லை, பின்னால் தள்ளி விட்டிருந்தார்கள். ஆடுகளையும் காணவில்லை. மாமா புதுச் சாரம் கட்டி, தோய்த்து மடித்த சேர்ட் போட்டு, நெற்றியில் திருநீறோடு நின்றார். எனக்கென்று ஒரு கதிரை, அதன்மேல் வெள்ளைச் சீலை. சின்னராசா அண்ணை எழும்பி உட்கார்ந்திருந்தார். அதுவே ஒரு அதிசயம். மீன் லொறிக்காரர், பக்கத்துக் கடைக்காரர், பஸ்ஸுக்கு நின்ற சனம் என்று ஒரு சின்னத் திருவிழாவே கூடியிருந்தது. மாமாவே எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். நானும் முறையாகப் போக வேண்டுமென்று பட்டு வேட்டி கட்டிப் போயிருந்தேன்.

மாமா கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்தார். பொனற்றைத் திறந்தார். எட்டிப் பார்த்தார். என் திட்டப்படி அடுத்து அவர் தட்ட வேண்டும், துடைக்க வேண்டும், மூட வேண்டும். அவர் கார் தூக்கும் ஜக்கை எடுத்தார். காரின் முன்பக்கம் உயர்ந்தது. கீழே தடித்த கட்டைகளை முண்டு கொடுத்தார். பிறகு மடித்து வைத்திருந்த ஒரு புதுச் சாக்கை உதறி நிலத்தில் விரித்தார்.

வழக்கத்தை மறந்து நேரேயே சொல்லிவிட்டேன்.

"மாமா, மேலாலை பாத்தாக் காணும். கீழை எல்லாம் நல்லாத்தான் இருக்கு!"

சனம் சிரித்தது. "மாமனிலை அவ்வளவு இரக்கம்!" என்றார் சின்னராசா அண்ணை.

மாமா ஒரு சின்னச் சிரிப்போடு மல்லாக்கப் படுத்து, தேய்த்துத் தேய்த்துக் கீழே போனார். இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. நான் மேலே, கையைக் கட்டிக்கொண்டு. எதைப் பார்க்கக்கூடாது என்று இவ்வளவு நாளும் ஓடினேனோ, அதை வெள்ளைச் சீலை போட்ட கதிரையில் இருந்து, பட்டு வேட்டியோடு, ஊரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன்.

கீழே நட்டைக் கழற்றும் சத்தம் கேட்டது. பழைய அலுமினியச் சட்டிக்குள் ஒயில் விழத் தொடங்கியது.

ஓடிய எஞ்சினிலிருந்து வரும் ஒயில் கரிய நிறத்தில் இருக்கும் என்பது எனக்கு அந்த நிமிடம் வரை தெரியாது. அங்கே நின்ற மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சட்டியில் விழுந்தது பொன் நிறத்தில், தேன் போலத் தெளிவாக இருந்தது. வெயில் பட்டு மினுங்கியது. சட்டியின் அடி தெரிந்தது.

லொறிக்காரர் என்னைப் பார்த்தார். கடைக்காரர் சட்டியைப் பார்த்தார். சின்னராசா அண்ணை எழும்பி வந்து, குனிந்து, ஒரு விரலால் தொட்டு மணந்து பார்த்தார்.

"மணி, இதென்ன, நல்லெண்ணெயே?"

எனக்குக் கதிரையோடு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. மாமாவுக்கு விளங்கிவிட்டது என்பது அந்த இரண்டு கால்களிலேயே தெரிந்தது. அவை அசையாமல் இருந்தன. இனி அவர் வெளியே வருவார், துவாயை உதறித் தோளில் போடுவார், கராஜைப் பூட்டிவிட்டு நடப்பார் என்று நினைத்தேன்.

கீழேயிருந்து குரல் வந்தது. ஊருக்கே கேட்கும்படி வந்தது.

"வந்து பாருங்கோ எல்லாரும்! காரை ஓட்டுறதெண்டா இப்பிடி ஓட்டவேணும். மருமகன்ர ஓட்டத்துக்கு ஒயில் கறுக்கவே இல்லை!"

அங்கே நின்ற ஒருவர்கூட அதை நம்பவில்லை. நம்பவில்லை என்று ஒருவர்கூடச் சொல்லவும் இல்லை. லொறிக்காரர் இருமினார். சின்னராசா அண்ணை வாயைத் திறந்தார், கொட்டகைப் பக்கம் நீண்டிருந்த கால்களைப் பார்த்தார், மூடினார். "ஓம் ஓம், சில பேற்றை ஓட்டத்துக்குக் கறுக்காதுதான்" என்று சொல்லிவிட்டு பஸ் வருகிறதா என்று பார்க்கப் போனார். அவருக்கு அன்று எந்த பஸ்ஸும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

சனம் கலைந்த பிறகு மாமா வெளியே வந்தார். அலுமாரியைத் திறந்து ஒரு புது ஒயில் தகரப் பேணியை எடுத்தார். அதன் மேல் தூசி படிந்திருந்தது. கார் எங்கள் வளவுக்கு வந்த அன்றே வாங்கி வைத்ததாம். எஞ்சினுக்குள் ஊற்றி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, என் பக்கத்தில் வாங்கில் இருந்தார். சுற்றிலும் பார்த்தார். சொல்லி அனுப்ப சுகந்தி இல்லை.

"ஏன் மருமகன்?" என்றார்.

அதுதான் அவர் என்னிடம் நேரே கேட்ட முதல் கேள்வி. எல்லாவற்றையும் சொன்னேன். புழுதி, சாக்கு, தாரை வார்த்த கை, கண்ணாடிக் கட்டடம், பாலத்தில் சுரண்டிய துண்டு, ஒன்றையும் விடவில்லை. "உங்கட கையிலை நம்பிக்கையில்லாமல் இல்லை மாமா. நீங்கள் எனக்காகக் கீழை படுக்கிறது... எனக்கு ஏலாது."

மாமா துவாயை உதறித் தோளில் போட்டார்.

"நான் டொக்ரர்மாரின்ர காருக்குக் கீழை படுத்தனான்" என்றார். "சுவாமியாற்றை வானுக்குக் கீழை படுத்தனான். வெளிநாட்டிலையிருந்து வந்தவை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வாற எல்லாத்துக்கும் கீழை படுத்தனான். எல்லாம் பிறத்தியாற்றை வாகனம். எங்கட வீட்டு முத்தத்திலை ஒரு கார் நிண்டது இதுதான் முதல் தரம். எங்கட வீட்டுக் காருக்குக் கீழை ஒருக்காப் படுத்துப் பாக்க எனக்கும் ஆசை இருக்காதே?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் இல்லை. எழும்பி, பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, அந்தச் சாக்கில் மல்லாக்கப் படுத்தேன். "வாங்கோ மாமா, என்ன இருக்கெண்டு எனக்கும் காட்டுங்கோ" என்றேன்.

"ஐயோ, வேட்டி!" என்றார் மாமா. ஆனால் வந்து பக்கத்தில் படுத்துவிட்டார்.

கீழே குளிர்ச்சியாக இருந்தது. மாமா ரோச் லைற் அடித்து ஒவ்வொன்றாகக் காட்டினார். எனக்கு இன்றைக்கும் அதில் பாதி விளங்காது. ஒரு துளி ஒயில் என் நெற்றியில் விழுந்தது. தான் முதன்முதலில் திருத்திய பழைய பிரித்தானியக் காரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். இடையில் குரல் இறங்கியது. பார்த்தால் நித்திரை. விடியுமுன்னமே எழும்பிக் கராஜ் கூட்டியவர் அல்லவா? தலை மெல்லச் சரிந்து என் தோளில் வந்து தங்கியது. எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு அசையாமல் கிடந்தேன்.

விட்டுப்போன குடையை எடுக்க சின்னராசா அண்ணை திரும்பி வந்தது அப்போதுதான். காருக்குக் கீழே நாலு கால்கள். அசைவில்லை, சத்தமில்லை. கிட்ட வந்து பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை. கொண்டக்ரராக இருந்தவர், தூரத்தில் நின்றே விசில் அடித்துப் பழகியவர். யாரோ ஓடும் சத்தம் எனக்கும் கேட்டது. யாருக்கோ பஸ் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

பிறகு ஓட்டோக்கள் வந்தன. ஒன்று இல்லை, ஒரு வரிசை. ஒப்பாரி முதலில் வந்தது, அதன் பின்னால் சனம். "ஜக் சறுக்கி மாமனும் மருமகனும்..." என்று யாரோ சொல்வது கேட்டது. யாரோ என் வலது காலைப் பிடித்து இழுத்தார்கள். குனிந்த ஒரு முகம் தெரிந்தது. குசினி வாசலில் கையாக மட்டும் தெரிந்த மாமி. தலைமயிர் குலைந்து, கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"மருமகன்! உயிரோடை இருக்கிறீங்களோ?"

"மெதுவாக் கதையுங்கோ மாமி" என்றேன். "மாமா நித்திரை."

மாமிக்கும் எனக்கும் நடந்த முதல் உரையாடல் இதுதான். அதன் பிறகு அவர் என்னோடு பேசாமல் இருந்ததே இல்லை. அங்கேயே, அந்தச் சனத்துக்கு நடுவிலேயே தொடங்கிவிட்டார். உயிர் பயம் கோபமாக மாறி, கோபம் விசாரணையாக மாறி, அந்த விசாரணைக்கு சின்னராசா அண்ணை சாட்சி சொல்லி, சட்டியில் இருந்த ஒயிலையும் எடுத்துக் காட்டினார். சுகந்தி முதலில் அழுதாள், பிறகு சட்டியைப் பார்த்தாள், பிறகு நிற்க முடியாமல் வாங்கில் இருந்து சிரித்தாள். அந்த ஒயிலை வீணாக்காமல் மாமா வீட்டுத் தண்ணீர்ப் பம்பிக்கு ஊற்றினார். பட்டு வேட்டி கராஜிலேயே தங்கி, கை துடைக்கும் துணியானது.

கொம்பனியா, கராஜா என்று இப்போது யாராவது என்னிடம் கேட்டால் இரண்டும் என்பேன். கொம்பியூட்டர் வைத்துப் பார்க்கும் வேலைகளுக்கு யாழ்ப்பாணம் போகிறோம். மாமாவும் முன் சீற்றில் வருவார். முதல் தடவை அந்தக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்று பார்த்தார். "நிண்டபடி வேலை செய்யிறாங்கள் மருமகன். பிள்ளையளின்ர முதுகு தப்பும்" என்று மட்டும் சொன்னார். ஒயில் மாற்றுவது கராஜில்தான். சாக்கு இரண்டு விரிப்போம். கராஜைப் பூட்டுவது பற்றி அதன் பிறகு அவர் பேசவே இல்லை.

போன கிழமை ஒரு கலியாண வீட்டில் மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டு வீடு வந்தேன். மாமி எனக்காகச் சமைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். சொல்லப் பயந்து மேசையில் இருந்தேன். சோற்றில் கையை வைத்து அளைந்துகொண்டிருந்ததை மாமி கண்டுவிட்டார். சொதிச்சட்டியோடு என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார்.

"என்ன, கொம்பனியிலை முடிச்சுக்கொண்டு வந்தனீங்களோ?"

சுகந்தி சிரிப்பை அடக்கக் குனிந்தாள். மாமா எதிரே இருந்து மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்.

"நீர் சொதியை ஊத்தும். ரெண்டாந்தரம் ஊத்தினாலும் எங்கட வீட்டு எஞ்சின் தாங்கும்."

நான் சோற்றுக் கோப்பையை நீட்டினேன்.